அமெரிக்க பாக்ஸர் ஜெர்வோன்டா டேவிஸ் லைட்வெயிட் எடைப்பிரிவில் உண்மையிலேயே ராஜாவா, இல்லை தன்னைவிடச் சின்ன ஆட்களை அடித்தே பேர் வாங்கினாரா?

சின்ன ஆட்களை அடித்தார் என்பது பாதி உண்மை. ஆனால் அந்தப் பாதியை நிரூபிக்க எல்லாரும் தப்பான சண்டையைத்தான் எடுத்து வைக்கிறார்கள்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். டேவிஸ் ஐந்தரை அடி உயரம்கூட வரமாட்டார், எதிரே நிற்கிறவர்கள் பெரும்பாலும் அவரைவிட உயரம். அதனால் "சின்ன ஆட்களை அடிக்கிறார்" என்று யாராவது சொன்னால் போதும், அவருடைய ரசிகர்கள் உடனே ரயன் கார்சியா பக்கத்தில் அவர் நிற்கும் போட்டோவைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். உயரம் வேறு, கனம் வேறு.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டவன். கல்லூரி நாட்களில் ஒன்றரை வருடம் பாக்ஸிங் பழகினேன், சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் சாதிக்கவில்லை. அப்போது நான் 60 கிலோ. ஒரு நாள் ஆள் இல்லையென்று கோச் என்னை 72 கிலோ சீனியர் ஒருவரோடு மூன்று ரவுண்டு ஸ்பாரிங்குக்கு (பயிற்சிச் சண்டைக்கு) இறக்கிவிட்டார். என்னைவிடக் குள்ளமானவர்தான். அடி பலமாக விழுமோ என்றுதான் பயந்தேன், ஆனால் அடி அவ்வளவாக விழவே இல்லை. கிட்டே வந்ததும் முன்கையை என் பிடரியில் போட்டுச் சாய்ந்துகொண்டார், அவ்வளவுதான், அந்தக் கனத்தைத் தள்ளித் தள்ளியே இரண்டாவது ரவுண்டு முடிவதற்குள் என் தொடை நடுங்க ஆரம்பித்துவிட்டது. ஒரே ஒரு நல்ல வலது கை அவர் நெற்றியில் இறங்கியது. தலை ஒரு அங்குலம்கூட அசையவில்லை. "ம், நல்லா இருக்கு, இன்னொண்ணு போடு" என்றார்.

சரி, தொழில்முறைச் சண்டைக்கு வருவோம். லைட்வெயிட் என்றால் 135 பவுண்டு, 61 கிலோ சொச்சம். ஆனால் அது சண்டைக்கு முந்தின நாள் தராசில் நிற்கிற அந்த நிமிடத்து எடை மட்டும்தான். உடம்பிலிருந்து தண்ணீரை வற்றவைத்து அந்த எண்ணைத் தொட்டுவிட்டு, இறங்கியதும் குடித்து, சாப்பிட்டு ஏற்றிக்கொள்வார்கள். இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2000 பிப்ரவரியில் நியூயார்க்கில் நடந்த ஆர்டுரோ கட்டி - ஜோயி கமாச்சி சண்டையைப் பாருங்கள். ஒப்பந்தம் 141 பவுண்டு. மறுநாள் ரிங்கில் ஏறும்போது கட்டி ஏறக்குறைய 160, கமாச்சி சுமார் 145. முன்னாள் லைட்வெயிட் சாம்பியனான கமாச்சி இரண்டாவது ரவுண்டில் விழுந்தார், அதற்கப்புறம் அவர் சண்டையே போடவில்லை. தாளில் இருவரும் ஒரே எடை!

இப்போது டேவிஸ் பட்டியல். 2019 டிசம்பரில் கம்போவாவை வீழ்த்தித்தான் லைட்வெயிட் பெல்ட் வாங்கினார், அதுவும் உலகப் பட்டம் கொடுக்கும் அமைப்புகளில் ஒன்றான டபிள்யூ.பி.ஏ.வின் இரண்டாம் தர பெல்ட். கம்போவா தன் நல்ல நாட்களில் 126 பவுண்டு ஆள், அன்று வயது 38, குதிகால் தசைநார் அறுந்த காலோடு 12ஆவது ரவுண்டு வரை நின்றார். 2020இல் லியோ சான்டா குரூஸ், இன்னும் கீழே 118 பவுண்டில் தொடங்கி ஏறி வந்தவர். அவரை வீழ்த்திய அந்த அப்பர்கட்டை (கீழிருந்து மேலே போகும் குத்து) பத்து முறையாவது ரீவைண்ட் செய்து பார்த்திருப்பேன், அழகு அழகுதான், ஆனால் லைட்வெயிட் ஆதிக்கக் கணக்கில் அதைச் சேர்க்கமாட்டேன்.

கார்சியா சண்டை (2023 ஏப்ரல்) நேர் எதிர் ரகம். அங்கே பெரியவர் கார்சியாதான், ஆனால் 136 பவுண்டுக்கு இறங்கச் சொன்னதோடு, சண்டை நாள் காலையில் மறுபடி நிறுத்துப் பார்க்கும்போது 146ஐத் தாண்டக்கூடாது என்றும் நிபந்தனை. பெரிய ஆளைப் பெரிய ஆளாக ரிங்குக்கு வரவிடாத ஏற்பாடு இது. ஏழாவது ரவுண்டில் வயிற்றில் விழுந்த அந்த இடது கையை யார் வாங்கியிருந்தாலும் முட்டி போட்டிருப்பார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் அதை வைத்து "பெரியவர்களையும் அடிப்பார்" என்று சொல்வது கொஞ்சம் ஓவர். அப்படிச் சொல்ல ஆசையென்றால் 2021இல் 140 பவுண்டுக்கு ஏறிப்போய் மரியோ பாரியோஸை 11ஆவது ரவுண்டில் முடித்ததைச் சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன்.

அசல் லைட்வெயிட்களோடு எப்படி? ரொமேரோ, ஃபிராங்க் மார்ட்டின் இருவரையும் நாக் அவுட் செய்தார். இசாக் குரூஸோடு 12 ரவுண்டும் இழுத்து, புள்ளிக் கணக்கில்தான் ஜெயித்தார், இரண்டு நடுவர்கள் 115-113தான் கொடுத்தார்கள். இவ்வளவுதான் அவருடைய மெய்யான கணக்கு. லோமசென்கோ, ஹேனி, ஷக்கூர் ஸ்டீவன்சன் என்ற முன்னணி பாக்ஸர்கள் மூவரும் ஏறக்குறைய அதே எடையில் இருந்த காலத்தில் ஒருவரோடும் மோதவில்லை.

லோமசென்கோவை எடுத்துக்கொள்ளுங்கள். 2017இல் ரிகொண்டோ இரண்டு எடைப்பிரிவு ஏறி வந்து அவரிடம் தோற்றபோது, அது ரிகொண்டோவின் எடையே இல்லை, எனக்கு இது பெரிய வெற்றி இல்லை என்று லோமசென்கோவே சொன்னார். அப்புறம் தானே 135க்கு ஏறி, லினாரெஸ் கையால் ஒருமுறை தரையில் விழுந்து எழுந்து அவரைப் பத்தாவது ரவுண்டில் முடித்தார். 2020இல் லோபஸிடமும் 2023இல் ஹேனியிடமும் தோற்றார், இருவருமே அவரைவிடக் கனமான உடம்புக்காரர்கள். என் கணக்கில் அந்த இரண்டு தோல்விகளும் டேவிஸின் சான்டா குரூஸ் வெற்றியைவிட மேலே நிற்கின்றன. திட்டுகிறவர்கள் கமென்ட்டில் திட்டலாம்.

இதில் வேடிக்கை, டேவிஸை அதிகமாகத் திணறவிட்டது 130 பவுண்டிலிருந்து ஏறி வந்த லாமன்ட் ரோச் (2025 மார்ச், புரூக்ளின்). ஒன்பதாவது ரவுண்டில் ஒரு ஜாப் (முன்கையால் நேராக விடும் குத்து) வாங்கி டேவிஸ் தானாக முட்டி போட்டார், ரெஃப்ரி அதை நாக் டவுனாக எடுத்துக்கொள்ளவில்லை, முடிவு டிரா. எடுத்துக்கொண்டு டேவிஸுக்கு ஒரு புள்ளி குறைந்திருந்தால் ரோச் ஜெயித்திருப்பார், ஏனென்றால் இரண்டு நடுவர்களின் அட்டை 114-114 என்று சமம். அங்கே ரோச்சின் சின்ன உடம்பு டேவிஸுக்கு ஒரு உதவியும் செய்யவில்லை. நேரம் இருந்தால் அந்தச் சண்டையை கமென்ட்ரியை மியூட் செய்துவிட்டுப் பாருங்கள், முக்கியமாக இருவரும் ஒட்டி நிற்கும்போது யாருடைய கால் பின்னால் போகிறது என்று.