கற்பூரம் தெரிகிறது, பால் தீய்ந்தது தெரியவில்லை

கேள்வி: என் மகனுக்கு 11 வயது. பால் அடிப்பிடித்து வீடே நாறினாலும், அடுப்படி வாசலில் உட்கார்ந்து ஹோம்வொர்க் எழுதுகிறவன் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. கற்பூரம், தைலம் காட்டினால் மட்டும் "தெரியுது" என்கிறான். மூக்கில் குறையா, விளையாட்டுப் புத்தியா? இதற்கு டெஸ்ட் உண்டா?

பதில்: உண்டு. ஆனால் நீங்கள் வைத்த டெஸ்ட் செல்லாது. கற்பூரமும் தைலமும் வாசனை நரம்போடு நிற்பதில்லை. எரிச்சலையும் குளிர்ச்சியையும் உணர்கிற ட்ரைஜெமினல் நரம்பையும் சீண்டும். வாசனையே தெரியாத பிள்ளைக்கும் மூக்கில் ஜில்லென்று ஏறும். அதைத்தான் "தெரியுது" என்கிறான், பொய் சொல்லவில்லை.

சளி இல்லாத ஒரு நாளில் இப்படிச் செய்து பாருங்கள். ஒரே மாதிரி மூன்று டப்பா. ஒன்றில் ஒரு ஸ்பூன் காபித்தூள், மற்ற இரண்டும் காலி. அவன் கண்ணைத் துண்டால் கட்டிவிட்டு, ஒவ்வொன்றாக மூக்கருகே காட்டுங்கள். டப்பாவை அவன் கையில் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். கனத்தை வைத்தே சொல்லிவிடுவான். "என்ன வாசனை?" என்று கேட்காமல், "எதில் வாசனை வருது?" என்று கேளுங்கள். அரை நிமிடம் விட்டு, இடம் மாற்றி, ஆறு முறை. ஒரு முறை குருட்டாம்போக்கில் சரியாகிவிடலாம். ஆறு முறையும் அப்படி அமைவது 729-ல் ஒரு வாய்ப்புதான். ஆறிலும் சரியாகச் சொன்னாலும் மூக்கு முழுசாகச் செத்துப்போகவில்லை என்றுதான் அர்த்தம். மந்தமாக இருக்கலாம்.

பெயர் கேட்க வேண்டாம் என்றதற்குக் காரணம் இருக்கிறது. பிள்ளைகளுக்கு வாசனை தெரியும், அதற்குப் பெயர் வராது. அமெரிக்காவில் 1980-களில் வந்த 40 வாசனை டெஸ்டில் ஸ்கங்க் (நாற்றம் பீய்ச்சும் விலங்கு), ரூட் பியர் (அந்த ஊர் குளிர்பானம்) எல்லாம் இருக்கின்றன. நம் பையன் அதில் தோற்றால் மூக்கையா குறை சொல்வது? 5 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கென்றே 12 வாசனைகளோடு 'யு-ஸ்னிஃப்' டெஸ்ட் வந்திருக்கிறது: பேனா மாதிரிக் குச்சியை முகர்ந்துவிட்டு, நான்கு படங்களில் ஒன்றைத் தொட வேண்டும். அது கிடைக்காத இடத்தில், பழகிய வாசனைகளை வைத்தே ஈஎன்டி டாக்டர் ஓரளவு பார்த்துவிடுவார்.

அவர் முதலில் தேடுவது அடினாய்டு (மூக்கின் பின்பக்கச் சதை) வீக்கம், அலர்ஜி, சதை வளர்ச்சி போன்றவற்றை. தலையில் அடிபட்டதுண்டா, கொரோனாவுக்குப் பிறகு வந்ததா என்றும் கேட்பார். ஒரு பக்க மூக்கில் மட்டும் நாற்றமான சளி வந்தால் உள்ளே ஏதோ சிக்கியிருக்கலாம், அன்றே காட்டுங்கள். பட்டன் பேட்டரியாக இருந்தால் மணிக்கணக்கில்கூடத் தாமதிக்கக் கூடாது.

பிறவியிலேயே வாசனை தெரியாத பிள்ளை புகார் சொல்லாது. எல்லோரும் "கமகமன்னு இருக்கு" என்றால் அதுவும் தலையாட்டும். இவனுக்கும் அப்படியென்றால் பருவ வளர்ச்சியைக் கவனியுங்கள். பருவமடைதலைத் தூண்டும் செல்கள் கருவில் மூக்குப் பக்கம் உருவாகி, வாசனை நரம்புகளின் தடத்திலேயே மூளைக்குப் போகின்றன. தடம் கோளாறானால் இரண்டும் கெடும். கால்மன் சிண்ட்ரோம் என்பது அதுதான். அபூர்வம், ஆனால் ஹார்மோன் சிகிச்சை இருக்கிறது. ஆண் பிள்ளைக்கு 14, பெண் பிள்ளைக்கு 13 வயதாகியும் பருவ மாற்றம் தொடங்காவிட்டால், வாசனை விஷயத்தையும் டாக்டரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும்.

டாக்டர் பார்த்துச் சொல்லும்வரை அவனைத் தனியாக அடுப்பைப் பார்க்கச் சொல்லாதீர்கள். சிலிண்டர் காஸில் நாற்றம் சேர்ப்பதே கசிவு தெரியத்தான். அவனுக்கு அது எட்டாது. ஒரு காஸ் அலாரம் வாங்கி, சிலிண்டர் பக்கத்தில் தரைக்குச் சற்று மேலே மாட்டுங்கள். அந்த காஸ் கீழேதான் தேங்கும்.