குழாய் எட்டாத பிள்ளைகள்

அன்புள்ள ஐயா,

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்) சிறப்பு முகாமுக்காக ஏழு நாள் ஒரு கிராமத்தில் தங்கினோம். அங்குள்ள தொடக்கப் பள்ளியில் தலைமைப் பண்பு சொல்லிக்கொடுப்பது எங்கள் குழுவின் வேலை. அப்துல் கலாம் படம் போட்டோம், கதை சொன்னோம். "யார் லீடர்?" என்று கேட்டால் "நான், நான்" என்று கத்தினார்கள். ஆனால் நாங்கள் குழி வெட்டி நட்ட கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றக் கூப்பிட்டபோது ஒருவரும் வரவில்லை. சின்னப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் சொல்லித்தர முடியுமா?

ஒரு மாணவி, திருவண்ணாமலை மாவட்டம்

அன்புள்ள மாணவிக்கு,

முடியும். ஆனால் படம் போட்டுக் காட்டி முடியாது.

லீடர் என்ற சொல் அந்தப் பிள்ளைகளுக்குப் புதிதல்ல. டீச்சர் வெளியே போனதும் சாக்பீஸை எடுத்து, பேசுகிறவன் பெயரைக் கரும்பலகையில் எழுதுகிறவன்தான் லீடர். அவர்கள் கத்தியது அந்தச் சாக்பீஸுக்காக.

நானும் என்.எஸ்.எஸ்.ஸில் இருந்தவன்தான். எங்கள் முகாமில் கை கழுவுவதைச் சொல்லிக்கொடுத்தோம். சார்ட்டில் வரைந்து, சோப்பு போட்டுச் செய்தே காட்டினோம். மூன்றாம் நாள் சத்துணவு நேரத்தில் நாலாம் வகுப்புப் பெண் ஒருத்தி வந்து என் சட்டையை இழுத்தாள். "அண்ணா, ஒண்ணாப்புப் பிள்ளைங்களுக்குக் குழாய் எட்டாது." அவள் தம்பி ஒன்றாம் வகுப்பு. போய்ப் பார்த்தால், குட்டிகள் எம்பி எம்பிப் பார்த்துவிட்டு, கையை டிராயரில் துடைத்துக்கொண்டு தட்டோடு போய் உட்கார்ந்தன. மூன்று நாளாக அங்கேயே நின்றோம், எங்களில் ஒருவர் கண்ணிலும் இது படவில்லை.

அங்கேதான் தவறு செய்தேன். "நீ போய்ச் சாப்பிடும்மா, நாங்க பாத்துக்கிறோம்" என்று சொல்லி, இரண்டு ஹாலோ பிளாக் கல்லைக் கொண்டுவந்து குழாயடியில் போட்டோம். மறுநாள் கல் இரண்டும் மைதானத்தில் ஸ்டம்பாக நின்றன. "நீ எடுத்துவந்து போட்டிருக்கலாமே?" என்று அவளிடம் கேட்டேன். "அது நீங்க போட்ட கல்லுண்ணா" என்றாள்.

காந்தி நூற்றாண்டான 1969இல் தொடங்கிய திட்டம் என்.எஸ்.எஸ். 'நான் அல்ல, நீ' என்பது அதன் வாசகம். அதைச் சொல்லிக்கொண்டேதான் கல்லை நாங்கள் தூக்கினோம்.

"சரி, எப்படிச் செய்யலாம், நீயே சொல்லு" என்றேன். ரொம்ப நேரம் யோசித்தாள். கல் வழுக்கும், மேலே சாக்கு போட வேண்டும் என்றாள். குழாயைத் திறந்துவிட ஐந்தாம் வகுப்பில் ஒரு பையனைப் பிடித்தாள். அடுத்த நாள் அவன் வரவில்லை. வரிசை கலைந்து தள்ளுமுள்ளு ஆகிவிட்டது. ஓடிப்போய்ச் சரிசெய்ய என் கை பரபரத்தது. போகவில்லை. அவளே இன்னொருத்தியைக் கூட்டிவந்து நிறுத்தினாள். முகாமில் எனக்கு மிகக் கடினமாக இருந்தது அந்தக் கால் மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றதுதான்.

தமிழ்நாட்டில் பல ஊர்களில் குழந்தைகள் நாடாளுமன்றம் நடக்கிறது. சுகாதாரத்துக்கு ஒரு பிள்ளை, கல்விக்கு ஒரு பிள்ளை என்று அமைச்சர்கள் உண்டு. தெருவிளக்கு எரியாததைப் பற்றிப் பேசும் பிள்ளைக்குத் தலைமைப் பண்பு என்று தனிப் பாடம் வேண்டியதில்லை.

முகாம் முடிந்தாலும் உங்களுக்கு நேரம் இருக்கிறது. ஆண்டுக்கு 120 மணி நேரம், இரண்டு ஆண்டில் 240 மணி நேரம் சேவை உண்டல்லவா? திட்ட அலுவலரிடம் கேட்டு அந்த ஊருக்கே திரும்பப் போங்கள். "இந்தப் பள்ளிக்கூடத்தில் உங்களுக்கு எது சிரமம்?" என்று கேளுங்கள். பதில் வரும்வரை பொறுத்திருங்கள். அவர்கள் சொல்வதில் அவர்களால் முடிகிற ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பொறுப்பு வாரம் ஒருவருக்கு மாறட்டும். வாயே திறக்காத பிள்ளைக்கும் ஒரு வாரம் வர வேண்டும். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: கழிப்பறை கழுவுவது போன்ற, பெரியவர்கள் செய்யாமல் விட்ட வேலையைப் பொறுப்பு என்ற பெயரில் பிள்ளைகள் தலையில் கட்டிவிடாதீர்கள்.

முதல் நாள் போனதும், கன்றுகளில் எத்தனை பிழைத்திருக்கின்றன என்று பிள்ளைகளோடு சேர்ந்து எண்ணுங்கள். செத்துப்போன இடத்தில் என்ன வைக்கலாம், எங்கே வைக்கலாம் என்று அவர்களையே கேளுங்கள். என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.