எழுந்ததும் கண் இருட்டுகிறதா? குறைந்த ரத்த அழுத்தம்: கேள்வி-பதில்

எனக்கு 27 வயது. எப்போது அளந்தாலும் 90/60க்குப் பக்கத்திலேயே இருக்கிறது. தொந்தரவு ஏதும் இல்லை. மாத்திரை தேவைப்படுமா?

தேவையில்லை. மருத்துவ நூல்கள் 90/60க்குக் கீழே இருந்தால் குறைவு என்கின்றன, அவ்வளவுதான். உயர் ரத்த அழுத்தம் சத்தமே இல்லாமல் கெடுதல் செய்யும். அதனால் தொந்தரவு இல்லாவிட்டாலும் மருந்து கொடுக்கிறோம். குறைந்த அழுத்தத்துக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. ஒல்லியானவர்களுக்கும் தினமும் ஓடுகிறவர்களுக்கும் இதுவே இயல்பான அளவாக இருக்கலாம். கவலைப்பட வேண்டியவர் வேறொருவர்: பல வருடங்களாக 150இல் இருந்துவிட்டு இன்று திடீரென்று 100க்கு இறங்கியவர். எண்ணைப் பார்த்தால் அவர்தான் 'நார்மல்'!

அப்பாவுக்கு 71 வயது. இரவில் சிறுநீர் கழிக்க எழுந்தபோது இரண்டு முறை விழுந்துவிட்டார். கிளினிக்கில் அளந்தால் எப்போதும் 130/80தான். ரத்த அழுத்தத்துக்கும் பிராஸ்டேட்டுக்கும் மாத்திரை சாப்பிடுகிறார்.

உட்கார வைத்து மட்டும் அளந்திருப்பார்கள். நிற்க வைத்து அளந்தார்களா என்று கேளுங்கள்.

நாம் எழுந்து நிற்கும்போது அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை ரத்தம் கால்களுக்கும் வயிற்றுக்கும் இறங்குகிறது. கழுத்துத் தமனியில் இருக்கும் உணர்விகள் உடனே மூளைக்குச் செய்தி அனுப்ப, சில நொடிகளில் இதயம் வேகமெடுக்கிறது, ரத்தக் குழாய்கள் இறுகுகின்றன. முதுமையிலும், நீண்டநாள் சர்க்கரை நோயிலும், பார்க்கின்சன் நோயிலும் இந்த ஏற்பாடு மந்தமாகிவிடும். அதன்மேல் பிராஸ்டேட்டுக்குத் தரும் டாம்சுலோசின் போன்ற மாத்திரைகளும், சிறுநீரை அதிகமாகப் போக வைக்கும் மாத்திரைகளும் சேர்ந்துகொண்டால் கால் தள்ளாடத்தான் செய்யும்.

வீட்டிலேயே பார்த்துவிடலாம். ஐந்து நிமிடம் படுக்க வைத்து அளங்கள். பிறகு நிற்கச் சொல்லி முதல் நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் அளங்கள். யாராவது ஒருவர் பக்கத்தில் பிடித்துக்கொள்ளத் தயாராக நிற்கட்டும். கிறுகிறுத்தால் உடனே உட்கார வைத்துவிடுங்கள். படுக்கையில் 134/78, நின்றால் 106/66 என்று வருகிறதா? மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தாலே விடை கிடைத்துவிட்டது. அந்தத் தாளை மருத்துவரிடம் காட்டுங்கள். மாத்திரையை மாற்றுவதா, நேரத்தைத் தள்ளிவைப்பதா என்பதை அவர் முடிவு செய்யட்டும், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

இன்றிரவே செய்ய வேண்டியது: விழித்ததும் கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு ஓரிரு நிமிடம் உட்காரட்டும். பாதங்களை மேலும் கீழுமாகப் பத்து இருபது முறை அசைக்கட்டும். விளக்கைப் போட்டுவிட்டு எழுந்து போய், உட்கார்ந்தே சிறுநீர் கழிக்கட்டும். ஆண்கள் பலருக்கு இந்தக் கடைசி யோசனை கௌரவக் குறைச்சலாகப் படுகிறது. இடுப்பு எலும்பு உடைந்து படுப்பதைவிட இது மேல்.

மதியம் சாப்பிட்டு எழுந்தால் அம்மாவுக்குத் தலை சுற்றுகிறது. ஏன்?

செரிமானத்துக்காகக் குடல் பக்கம் ரத்தம் அதிகமாகப் போகிறது. வயதானவர்களுக்கு, சாப்பிட்ட இரண்டு மணி நேரத்துக்குள் அழுத்தம் இறங்குவது இதனால்தான். ஒரே வேளையில் நிறையச் சாப்பிடாமல் பிரித்துச் சாப்பிடட்டும், மாவுப் பண்டங்களைக் குறைக்கட்டும். சாப்பிட்டவுடன் நடமாடாமல் சற்று உட்கார்ந்திருக்கட்டும்.

உப்பு கரைத்த நீரைத் தினமும் குடித்தால் சரியாகிவிடும் என்கிறார்களே?

லோ பி.பி. என்று வாய் திறந்தால் போதும், உப்பைச் சிபாரிசு செய்ய நாலு பேர் வந்துவிடுகிறார்கள். சிலருக்கு நாங்களே உப்பைக் கூட்டச் சொல்வதுண்டு; ஆனால் இதயமும் சிறுநீரகமும் நன்றாக இருக்கின்றன என்று பார்த்த பிறகுதான். இதயம் பலவீனமானவர் தினமும் உப்பு நீர் குடித்தால் கால் வீங்கி, மூச்சு முட்டும். முதலில் போதிய அளவு வெறும் தண்ணீர் குடிக்கிறீர்களா என்று பாருங்கள். நிற்கும்போது அழுத்தம் இறங்குகிறவர்களில் பலருக்கு, அரை லிட்டர் தண்ணீரை மடமடவென்று குடித்தாலே சிறிது நேரத்துக்கு அழுத்தம் ஏறும். தண்ணீர் அளவுக்குக் கட்டுப்பாடு உள்ளவர்கள் இதையும் முயல வேண்டாம்.

ஊசியைப் பார்த்தாலே மயங்கி விழுகிறேன். வயது 19.

இது பயந்தாங்கொள்ளித்தனம் இல்லை. ஒரு நரம்பின் அவசரம்: இதயத் துடிப்பு குறைகிறது, ரத்தக் குழாய்கள் தளர்கின்றன, மூளைக்கு ரத்தம் சில நொடிகள் போதாமல் போகிறது. வியர்வை, குமட்டல், காது அடைப்பு வந்ததுமே படுத்துக் காலை உயர்த்திக்கொள்ளுங்கள். படுக்க இடமில்லையென்றால் கால்களைப் பின்னிக்கொண்டு தொடைகளை இறுக்குங்கள், முஷ்டியை மடக்குங்கள். அடுத்த முறை ஊசி போடும்போது படுத்தே போட்டுக்கொள்ளுங்கள். மயங்கியவரை நிமிர்த்தி நாற்காலியில் உட்கார வைக்க வேண்டாம் என்று கூட இருப்பவர்களிடம் சொல்லி வையுங்கள்.

ஓடும்போதோ, படுத்திருக்கும்போதோ மயக்கம் வந்தால் கதை வேறு. இதயத்தைப் பரிசோதிக்க வேண்டும்.

வீட்டுக் கருவி எனக்கு மட்டும் 86 காட்டுகிறது. மெலிந்த கை.

கையில் சுற்றும் பட்டை உங்களுக்குப் பெரிதாக இருக்கலாம். பெரிய பட்டை அழுத்தத்தைக் குறைத்துத்தான் காட்டும். சிறிய பட்டை வாங்கி மறுபடி அளந்து பாருங்கள்.

எப்போது உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்?

தோல் சில்லிட்டு வியர்க்கிறது, மூச்சு வாங்குகிறது, பேச்சு குழம்புகிறது, நெஞ்சு வலிக்கிறது, மலம் தார் போலக் கறுத்துப் போகிறது: இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் கருவியைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள், கிளம்புங்கள்.