டெஸ்ட் கிட்டில் தண்ணீர் கலங்குகிறது, குளத்தில் அம்மோனியா கூடிவிட்டதா?

கேள்வி: தொண்டிப் பக்கம் வனாமி இறால் வளர்க்கிறேன். குஞ்சு விட்டு 60 நாளாகிறது. தண்ணீரின் உப்பு 35 பி.பி.டி. (ஆயிரத்தில் 35 பங்கு). அம்மோனியா கிட்டில் மருந்தை விட்டதும் பழுப்பாகக் கலங்குகிறது, அட்டையில் எந்த நிறத்தோடும் ஒத்துப்போகவில்லை. கடைக்காரர் அம்மோனியாவை இழுக்கும் ஜியோலைட் என்ற கல்தூள் போடச் சொல்கிறார். இறால் தீவனம் நன்றாகத்தான் எடுக்கிறது. போடலாமா?

பதில்: இப்போது வேண்டாம். இவ்வளவு உப்பில் ஜியோலைட்டில் அம்மோனியா ஒட்ட வேண்டிய இடத்தை உப்பிலுள்ள சோடியமே பிடித்துக்கொள்ளும், அம்மோனியாவை அது இழுப்பது சொற்பம். காசுதான் வீண்.

முதலில் கிட் பெட்டியைப் பாருங்கள். நெஸ்லர் முறை என்று இருந்தால் அது நன்னீருக்கு ஏற்றது. நெஸ்லர் மருந்து கடும் காரம். உங்கள் தண்ணீரில் உள்ள மக்னீசியமும் கால்சியமும் அதில் படிந்து கலக்கிவிடும். அந்தக் கலங்கலை அம்மோனியா என்று நினைத்துத்தான் பலர் பயப்படுகிறார்கள். அதில் பாதரசமும் உண்டு. மிச்சத்தைக் குளத்திலோ வாய்க்காலிலோ ஊற்றாமல் தனிப் பாட்டிலில் மூடி வையுங்கள்.

கடல்நீருக்கும் உதவும் என்று போட்டிருக்கிற சாலிசிலேட் கிட் வாங்குங்கள். அம்மோனியா இருந்தால் பச்சை நிறம் வரும். பெட்டியில் சொன்ன நேரம் முழுக்கப் பொறுத்து, நிழலான பகல் வெளிச்சத்தில், வெள்ளைத் தாளை வைத்துப் பாருங்கள். பக்கத்திலேயே காய்ச்சி வடித்த நீரிலும் ஒரு குழாய் போடுங்கள். அதிலும் நிறம் வந்தால் மருந்து கெட்டிருக்கும், இல்லை குழாய் அழுக்கு.

நிறம் அட்டையைத் தாண்டினால் குளத்து நீரோடு அதே அளவு வடித்த நீர் கலந்து மறுபடி பாருங்கள், வந்ததை இரண்டால் பெருக்குங்கள்.

சரி, எண் வந்துவிட்டது. அது மொத்த அம்மோனியா, எல்லாம் விஷமில்லை. நம்மூர் வெயிலில் பி.எச். (தண்ணீரின் அமில-காரத் தன்மை) 8 என்றால் நூற்றில் ஆறேழு பங்குதான் விஷ வடிவம், 9 ஆனால் 40 பங்கை நெருங்கிவிடும். பாசி அதிகமான குளத்தில் பிற்பகலில்தான் பி.எச். ஏறும். ஆகவே காலையில் ஒருமுறை, மூன்று மணி வாக்கில் ஒருமுறை பி.எச்.சையும் சேர்த்துக் குறியுங்கள். அடிநீரை எடுத்து உடனே சோதியுங்கள்.

அம்மோனியா குளத்தில் மாறி உருவாகும் நைட்ரைட்டையும் பார்க்க வேண்டும், அதற்கு இளஞ்சிவப்பு நிறம் தரும் கிட் தனி. இப்போதைய உப்பில் குளோரைடு இறாலை ஓரளவு காக்கும். ஐப்பசி மழையில் உப்பு இறங்கினால் அதே அளவு நைட்ரைட் ஆபத்து, அப்போது அடிக்கடி பாருங்கள். முடிவு நைட்ரஜன் கணக்கிலா, நைட்ரைட் கணக்கிலா என்றும் கவனியுங்கள். முதலாவதை 3.3-ஆல் பெருக்கினால் இரண்டாவது.

புதுக் கிட்டிலும் அம்மோனியா அளவு அதிகமாகவே வந்தால் தீவனத்தைக் குறைத்து, ஏரேட்டரைக் கூடுதல் நேரம் ஓடவிடுங்கள். செக் ட்ரேயில் (தீவனம் வைத்துப் பார்க்கும் தட்டு) மிச்சம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.