வழுக்கிய கிளாஸ்

அன்புள்ள சேர்,

பேராதனையில் சிவில் பொறியியல் முடித்து 2 வருடம். என்னைப் போல் வேலைக்குப் புதிதாக வந்த பொறியியலாளர்கள் 25 பேரை ஹட்டனில் ஒருநாள் கூட்டி, அவரவர் ஆய்வைப் பேச வைக்க நினைக்கிறோம். மின், கணினி, உணவுப் பதனிடல் என்று துறைகள் வேறு வேறு. ஒருவர் பேசுவது மற்றவருக்கு விளங்குமா? எந்த மொழியில் நடத்துவது? இதனால் என்ன பலன் என்று வீட்டில் கேட்கிறார்கள், எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

ஒரு வாசகி, கொட்டகலை

அன்புள்ள வாசகிக்கு,

கட்டாயம் நடத்துங்கள். புரொஜெக்டரை மட்டும் நம்பாதீர்கள்.

சில வருடங்களுக்கு முன் தலவாக்கலைப் பக்கம் இப்படியொரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். (என்னை ஏன் கூப்பிட்டார்கள் என்று இன்னும் விளங்கவில்லை. மாலை போட ஓர் ஆள் தேவைப்பட்டிருக்கும்.) மண்சரிவைப் பற்றி ஒரு பிள்ளை பேசத் தொடங்கியதும் கரண்ட் போய்விட்டது. திரையிலிருந்த சமன்பாடுகளும் போயின. கொஞ்ச நேரம் முழித்தவர், அப்புறம் தேநீர் மேசைக்குப் போய், வெந்நீரில் அலசிய கிளாஸ் ஒன்றை ஈரத் தட்டில் கவிழ்த்து, தட்டை இலேசாகச் சரித்தார். கிளாஸ் தன்பாட்டில் வழுக்கிக்கொண்டு போனது. தட்டைத் துடைத்து, காய்ந்த கிளாஸை அதே சரிவில் வைத்தார். அது அசையவில்லை. முதல் தடவை, சூடான கிளாஸுக்குள் அகப்பட்ட காற்று விரிந்து கிளாஸைத் தூக்கப் பார்க்கிறது. பாரம் அப்படியே இருக்க, பிடிமானம் விட்டுப்போகிறது. மழையில் மண்ணுக்குள் நிறையும் நீரும் அதைத்தான் செய்கிறது என்றார். 2014 ஒக்டோபர் 29 அன்று மீரியபெத்தைத் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களின்மேல் மலை இறங்கியதை நாம் எத்தனை தடவை பேசியிருப்போம்! மலை எப்படி இறங்கும் என்று எனக்கு விளங்கியது அந்தக் கிளாஸில்தான்.

மின்னணு படித்த பொடியன் ஒருவன் எழும்பி, "அந்த நீரழுத்தத்தையே அளக்கலாமே?" என்றான். அளக்கலாம், மலைக்கு மலை துளைபோட்டுக் கருவி இறக்கக் காசு எங்கே? அதனால்தான் மண்சரிவு அபாயத்தை மழையை வைத்துச் சொல்கிறார்கள்: 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் விழிப்பு, 100 என்றால் எச்சரிக்கை, 150 என்றால் வெளியேற்றம். அவன் விடவில்லை. அந்தப் பிள்ளையுடன் சேர்ந்து மலிவாக ஒரு மழைமானி செய்து லயத்துக் கூரையில் வைத்தான். அடைமழை கொட்டிய அன்று அது பூச்சியம் காட்டியது. கணினிக்காரர்கள் நிரலில் பிழை தேடிக்கொண்டிருக்க, ஓய்வுபெற்ற கங்காணி ஒருவர் ஏணி போட்டு ஏறிப் பார்த்தார். புனல் வாயில் குளவி மண்கூடு கட்டியிருந்தது.

ஆகவே "உங்கள் ஆய்வு என்ன" என்று யாரையும் கேட்காதீர்கள். எங்கே மாட்டிக்கொண்டு நிற்கிறீர்கள் என்று கேளுங்கள். பேச்சு 10 நிமிடம், கேள்வி 20 நிமிடம், முதல் கேள்வி வேறு துறைக்காரருடையது. காலையிலேயே ஒரு தேயிலை ஸ்டோருக்கு, அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்குக் கூட்டிப்போங்கள். அங்கே தேயிலை தயாரிப்பைப் பார்க்கும் டீமேக்கர் வாடிய கொழுந்தைக் கைக்குள் இறுக்கி, விட்டுப் பார்த்துப் பதம் சொல்வார். அந்தக் கை எதை அளக்கிறது என்பதைப் பற்றியே உங்கள் 25 பேரும் அரை நாள் சண்டை போடலாம்.

மொழி பற்றிக் கவலை வேண்டாம். சிங்கள நண்பர்களும் வருவார்கள், மூன்று மொழியும் கலந்து ஓடும், ஓடட்டும். விளங்காத சொல் வந்தால் யாரும் கை தூக்கலாம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நாள் குறிக்கும்போது ஒன்றைப் பாருங்கள்: டிசெம்பர் போயாவிலிருந்து (பௌர்ணமியிலிருந்து) மே மாத வெசாக் வரை சிவனொளிபாதமலை யாத்திரை சீசன். அந்த மாதங்களில் போயா வரும் வார இறுதியில் ஹட்டனில் அறை தேடி அலைய வேண்டிவரும்.

பலனா? பொறியியலாளர் விமலசுரேந்திர நீர்மின்சாரம் பற்றி இலங்கைப் பொறியியலாளர் சங்கத்தில் கட்டுரை வாசித்தது 1918 இல். அவர் சொன்ன லக்ஷபான நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வந்தது 1950 இல். வீட்டில் இந்தக் கணக்கைச் சொல்லிவிடாதீர்கள், பயந்துவிடுவார்கள்.

நாள் குறித்ததும் எழுதுங்கள். மாலை வாங்காவிட்டால் வருகிறேன்.