திருடனைத் தடுக்க கிரில்லில் கரண்ட் விடலாமா?

கேள்வி: பெங்களூர் ஸ்ரீராமபுரத்தில் குடியிருக்கிறேன். பீன்யாவில் சின்னதாக ஒரு மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். இந்த வருஷத்தில் இரண்டு முறை பின்பக்க ஜன்னலை வளைத்து, காப்பர் கம்பியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். புகார் கொடுத்தும் பொருள் கிடைக்கவில்லை. ராத்திரியில் கிரில்லுக்குக் கரண்ட் கொடுத்துவிடலாம் என்கிறான் என் தம்பி. ‘ராத்திரி பூட்டை உடைத்து வருகிறவனைக் கொன்றாலும் சட்டம் ஒன்றும் செய்யாது’ என்கிறார் பக்கத்துப் பட்டறைக்காரர். அது உண்மையா? என் பொருளைக் காப்பாற்ற எனக்கு உரிமை இல்லையா?

பதில்: உரிமை உண்டு. ஆனால் கரண்ட் வேண்டாம். தம்பி ஏற்கெனவே வயரை இழுத்து வைத்திருந்தால், மிச்சத்தைப் படிப்பதற்கு முன் போய் அதைக் கழற்றிவிட்டு வாருங்கள்.

உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. கம்பியைக் கடனுக்கு வாங்கியிருப்பீர்கள். காயில் சுற்றி, வார்னிஷ் போட்டு, மறுநாள் டெலிவரி கொடுக்க வேண்டிய மோட்டார் வெறும் கூடாகக் கிடந்தால், நஷ்டத்தோடு வாடிக்கையாளரின் வசவும் உங்களுக்குத்தான். இதையெல்லாம் வெறும் பொருள்தானே என்று நான் சொல்ல மாட்டேன்.

பக்கத்துப் பட்டறைக்காரர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. அதனால்தான் அது ஆபத்து. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. பொருளைக் காக்கும் தற்காப்பு உரிமை எப்போது உயிரைப் பறிக்கும் அளவுக்குப் போகலாம் என்று அதன் 41-ஆம் பிரிவு சொல்கிறது: கொள்ளை, சூரியன் மறைந்து உதிப்பதற்குள் நடக்கும் வீடு உடைப்பு, குடியிருப்புக்கோ பொருள் வைக்கும் இடத்துக்கோ தீ அல்லது வெடி வைப்பது, திருட்டு, சேதம், அத்துமீறி நுழைவது இவற்றில் ஏதாவது ஒன்று, உயிர் போகும் அல்லது கொடுங்காயம் ஆகும் என்று நியாயமாக அஞ்ச வைக்கும் சூழ்நிலையில் நடப்பது. பொருள் வைத்திருக்கும் கட்டடமும் வீடு உடைப்பு என்பதில் அடங்கும் என்பதால் உங்கள் பட்டறையும் அதற்குள் வரும். நண்பர் இதுவரை கேள்விப்பட்டிருக்கிறார், அவ்வளவுதான்.

அவர் காதில் விழாதது 37-ஆம் பிரிவு. 41-ஆம் பிரிவின் முதல் வரியே அதற்குக் கட்டுப்பட்டுத்தான் தொடங்குகிறது. தடுப்பதற்கு எவ்வளவு தேவையோ அதற்கு மேல் ஒரு துளி தீங்கும் செய்யக் கூடாது, போலீஸை நாட நேரம் இருந்தால் இந்த உரிமையே கிடையாது என்கிறது 37. நடுராத்திரியில் உடைத்து வருகிறவன் கையில் என்ன இருக்கிறது, உள்ளே இருப்பவர்களை என்ன செய்வான் என்று யாருக்கும் தெரியாது. அந்தப் பயத்தில் எதிர்த்து நிற்பவனைச் சட்டம் கைவிடக் கூடாது. அதற்காகத்தான் இரவு வீடு உடைப்பைப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள் என்பது என் புரிதல். நீங்கள் ஸ்ரீராமபுரத்தில் தூங்கிக்கொண்டிருக்கும்போது பீன்யாவில் ஆளில்லாத பட்டறையின் கிரில் ஒருவனைக் கொன்றால், அங்கே பயந்தது யார்? எவ்வளவு தேவை என்று அளந்து பார்த்தது யார்?

இதே போன்ற ஒரு வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போனது. பீகாரில் ஒருவர், அக்கம்பக்கத்தார் தன் கழிப்பறைக்குள் வராமல் தடுக்க, உறையில்லாத கம்பியில் மின்சாரம் பாய்ச்சி வைத்தார். தொட்ட ஒரு பெண் செத்துப்போனார். அத்துமீறி நுழைந்தவர் என்பதற்காக ஒருவர் சட்டத்தின் பாதுகாப்பை இழந்துவிடுவதில்லை. நேரடியாகத் தாக்குவது எப்படித் தப்போ, காயப்படுத்தும் என்று தெரிந்தே ஒன்றை வைத்துவிட்டுப் போவதும் அப்படியே தப்பு என்று 1963-ல் கோர்ட் தீர்ப்பளித்தது. கம்பி வைத்தவருக்குத் தண்டனை உறுதியானது. ‘அபாயம்’ என்று போர்டு மாட்டினால் போதாதா என்பீர்கள். ஆபத்து உங்களுக்கு முன்பே தெரியும் என்பதற்கு அந்தப் போர்டே சாட்சியாகிவிடும். அது கொலை வழக்காகவே ஆகலாம். தற்காப்பு என்று காட்ட வேண்டிய பொறுப்பும் உங்கள் தலையில்தான் விழும்.

அந்தக் கிரில்லை யார் யார் தொடுவார்கள் என்று யோசியுங்கள். சந்துக்குள் விழுந்த பந்தை எடுக்க வரும் பையன். விடியற்காலையில் குப்பை பொறுக்குகிற அம்மா. காலையில் சுவிட்சை அணைக்க மறந்த உங்கள் தம்பியே. பெங்களூர் மழையில் சுவரே நனைந்து கிடக்கும்போது கரண்ட் கிரில்லோடு நின்றுவிடும் என்று உங்களால் சொல்ல முடியுமா? தொழிலே மின்சாரம், இது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

சரி, செத்தது திருடனேதான் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் அது தப்புதான். கட்டடத்துக்குள் நடக்கும் திருட்டுக்குச் சட்டம் தரும் அதிகபட்ச தண்டனை ஏழு வருஷம், திருடுவதற்காக ராத்திரியில் உடைத்து நுழைந்தால் பதினான்கு வருஷம். சாதாரணத் திருட்டில் பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்து, முதல் முறையாகப் பிடிபட்டவன் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டால், சமூக சேவையோடு முடிந்துவிடும். சாட்சி, வக்கீல், அப்பீல் எல்லாம் முடிந்த பிறகும் எந்த நீதிபதியும் காப்பர் திருடியவனைத் தூக்கில் போட முடியாது. நீதிபதிக்கே இல்லாத அதிகாரத்தை ஒரு கம்பிக்கு எப்படிக் கொடுப்பது?

இதற்கு எதிராக ஒரு வாதம் இருக்கிறது, அதை லேசாக ஒதுக்க மாட்டேன். பொருள் என்பது உழைப்பு, உழைப்பு என்பது ஆயுளின் ஒரு பகுதி, அதைத் திருடுகிறவன் ஆபத்துக்குத் தெரிந்தேதான் வருகிறான் என்பார்கள். முதல் பாதி சரி. ஆனால் இழந்த மாதங்களை நீங்கள் மறுபடி உழைத்து எடுக்கலாம், செத்தவனுக்கு அந்த வழி இல்லை. பிடிபடுவேன், அடி வாங்குவேன், ஜெயிலுக்குப் போவேன் என்கிற ஆபத்தை அவன் ஏற்றிருக்கலாம். பொருளைப் பறிகொடுத்தவரே கோபத்தில் நிர்ணயிக்கும் எந்தத் தண்டனையையும் ஏற்றான் என்று ஆகாது. கேரளத்து அட்டப்பாடியில் 2018 பிப்ரவரியில் அரிசி திருடினார் என்று சொல்லி ஒரு பழங்குடி இளைஞரைக் கட்டி வைத்து அடித்தார்கள். அவர் செத்துப்போனார். அடித்தவர்களில் 13 பேருக்கு 2023-ல் ஏழு வருஷம் கடுங்காவல் கிடைத்தது. அவர்களும் ஊர்ப் பொருளைக் காப்பதாகத்தான் நினைத்திருப்பார்கள்.

நீங்கள் உள்ளே இருக்கும்போது ஒருவன் வந்தால் கதை வேறு. கத்தலாம், தள்ளலாம், பொருளைப் பிடுங்கலாம், ஓடவிடாமல் பிடிக்கலாம். அவன் கத்தியைத் தூக்கினால் அது கொள்ளையாகிவிடும். அப்போது உங்கள் உயிரைக் காக்க இரும்புக் கம்பியை ஓங்க வேண்டி வந்தால் சட்டம் உங்கள் பக்கம் நிற்கும். அவன் பொருளைப் போட்டுவிட்டு ஓடுகிறான் என்றால், துரத்திப் போய் முதுகில் போடுகிற அடி தற்காப்பு ஆகாது. பிடித்துவிட்டால் 112-க்குக் கூப்பிடுங்கள். தாமதிக்காமல், அதிகபட்சம் ஆறு மணி நேரத்துக்குள் அவனைப் போலீஸிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40-ஆம் பிரிவு. கட்டி வைத்து நாலு பேர் நாலு அடி போடுகிற வேலை மட்டும் வேண்டாம். காயம் பட்டிருந்தால் 108-க்கும் சொல்லிவிடுங்கள்.

பட்டறைக்கு வருவோம். இரண்டு முறையும் ஒரே ஜன்னல் என்றால் அதை செங்கல் வைத்து அடைத்துவிட்டு, காற்றுக்கு மேலே எக்ஸாஸ்ட் போடுங்கள். காப்பருக்கு மட்டும் தனியாக ஒரு இரும்புப் பெட்டி, தரையோடு போல்ட் போட்டு. பழைய காயிலை மாதக் கணக்கில் சேர்க்காமல் வாராவாரம் எடைக்குப் போட்டுவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை பட்டறையில் காப்பர் இருக்கிறது என்பது வெளியே தெரிந்துதான் வருகிறார்கள். ஆள் நடமாடினால் எரிகிற விளக்கும் சத்தமான சைரனும் பின் சந்தில் இருக்கட்டும். திருட்டுக்கான இன்சூரன்ஸ் எடுங்கள். உடைத்து நுழைந்த தடயத்தையும் எஃப்ஐஆரையும் பெரும்பாலும் கேட்பார்கள், அதனால் ஜன்னலைச் சரிசெய்வதற்கு முன் போட்டோ எடுத்து வையுங்கள். பழைய இரண்டு புகாருக்கும் எஃப்ஐஆர் நகல் வாங்கினீர்களா? புகார் கொடுத்தவருக்கு அது இலவசம். பதிவே செய்யாமல் வெறும் சீட்டு கொடுத்து அனுப்பியிருந்தால், புகாரை எழுதி எஸ்பி அந்தஸ்தில் உள்ள அதிகாரிக்கு, உங்கள் ஊரில் டிசிபி, தபாலில் அனுப்புங்கள்.

பட்டறையில் பையன் யாராவது இரவில் தங்குவதாக இருந்தால், சத்தம் கேட்டால் உள்தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு போன் செய்தால் போதும், காப்பருக்காக யாரோடும் மல்லுக்கு நிற்க வேண்டாம் என்று அவனிடம் நீங்களே சொல்லி வையுங்கள்.