ஈமாக்ஸில் தமிழும் எழுதுபவர் குறுக்குவிசைகளை எப்படி மாற்றுவது?

தமிழ் விசைப்பலகைக்கு மாறியதும் ஈமாக்ஸ் என்ற உரைத்தொகுப்பியின் கட்டளைகள் வேலை செய்வதில்லை, எல்லாக் குறுக்குவிசைகளையும் மாற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எல்லாவற்றையும் மாற்ற வேண்டாம். ஒன்றிரண்டு போதும்.

கோலாலம்பூரில் பகல் முழுக்க நிரல் எழுதுகிறேன். இரவில் அதே ஊரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியிலுள்ள வீட்டில் கோயில் மலருக்குத் தமிழில் தட்டுகிறேன். இரண்டுக்கும் ஈமாக்ஸ்தான். என் லினக்ஸ் மடிக்கணினியிலும் இதே தொல்லை இருந்தது. தமிழ்99 விசைப்பலகை அமைப்பில் எக்ஸ் இருக்கும் இடத்தில் ‘ஓ’ இருக்கிறது. கண்ட்ரோலோடு அதை அழுத்தினால் ஈமாக்ஸுக்குப் போய்ச் சேருவது கண்ட்ரோல்-ஓ என்ற தமிழ் எழுத்து. அப்படி ஒரு கட்டளை அதற்குத் தெரியாது.

அதனால் கணினியின் விசைப்பலகையை ஆங்கிலத்திலேயே விட்டுவிடுங்கள். ஈமாக்ஸுக்குள்ளேயே தமிழ் உள்ளீட்டு முறைகள் உண்டு. கண்ட்ரோலையும் பின்சாய்கோட்டையும் (\) சேர்த்து அழுத்தினால் எந்த முறை வேண்டும் என்று முதல் தடவை கேட்கும். ‘டேமில்’ என்று ஆங்கிலத்தில் தட்டி டேப் விசையை அழுத்துங்கள், இருப்பவை வரிசையாக வரும். ஆங்கில எழுத்துகளில் ஒலிப்படி தட்டும் ஒலிப்பு முறை எனக்குப் பழகிவிட்டது. இப்போது எழுத்துகள் தமிழில் விழும், கட்டளைகள் பழையபடி ஓடும். கண்ட்ரோல்-எக்ஸுக்குப் பிறகு அழுத்தும் பி கூட பி-யாகவே போகும்.

பின்சாய்கோட்டுக்குச் சுண்டுவிரலை நீட்டி நீட்டி வலிக்கும். இங்கேதான் குறுக்குவிசையை மாற்ற வேண்டும். அந்த விசை இயக்கும் ‘டாகிள்-இன்புட்-மெத்தட்’ கட்டளையை நான் எஃப்8-இல் வைத்திருக்கிறேன். எஃப்5 முதல் எஃப்9 வரையும், கண்ட்ரோல்-சி-க்குப் பிறகு வரும் தனி எழுத்துகளும் பயனருக்கென்றே ஒதுக்கப்பட்டவை. ஒழுங்காக எழுதப்பட்ட பொதிகள் (கூடுதலாக நிறுவும் நிரல்கள்) அவற்றைத் தொடாது. விசையைக் கட்டளையோடு இணைக்க, 2023-இல் வந்த ஈமாக்ஸ் 29-ஆம் பதிப்பு முதல் ‘கீமேப்-குளோபல்-செட்’ இருக்கிறது. பழைய பதிப்பென்றால் ‘குளோபல்-செட்-கீ’.

ஒருமுறை கண்ட்ரோல்-சி கண்ட்ரோல்-சி-யைப் பொதுவாக மாற்றிவிட்டு, ஆர்க் கோப்பில் (ஈமாக்ஸின் குறிப்பெழுதும் பயன்முறை) ஏன் வேலை செய்யவில்லை என்று ஒரு மாலை முழுக்கத் தேடினேன். அந்தந்தப் பயன்முறையின் விசைப்பட்டியல் பொதுப் பட்டியலை முந்திக்கொள்ளும், அதுதான் காரணம். எதை மாற்றும் முன்னும் கண்ட்ரோல்-ஹெச், பிறகு கே, பிறகு அந்த விசையை அழுத்துங்கள். இப்போது அது என்ன செய்கிறது என்று சொல்லிவிடும்.

சரி, மாற்றியதைச் சோதிக்க ஈமாக்ஸை மூடித் திறக்க வேண்டியதில்லை. ஈமாக்ஸ் தொடங்கும்போது படிக்கும் இனிட் கோப்பில் அந்த வரியின் கடைசி அடைப்புக்குறிக்குப் பின்னால் கர்சரை வைத்து, கண்ட்ரோல்-எக்ஸ் கண்ட்ரோல்-ஈ அழுத்தினால் அந்த நொடியே நடப்புக்கு வந்துவிடும்.